ஒரு வரிக்குதிரைக்கு இரண்டு பெயர்

மேடையில் வீற்றிருக்கும் பூங்காவின் தலைமைக் காப்பாளர் அவர்களே, ஜெபத்தோடு இக்கூட்டத்தைத் தொடங்கிவைத்த போதகர் அவர்களே, மாட்டுப் பண்ணைகளிலிருந்தும் மீனவர் குடியிருப்பிலிருந்தும் மலைமேட்டு வாழைத் தோட்டங்களிலிருந்தும் நடந்தே வந்திருக்கும் பெரியோர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கெய்ருங்கி அம்மா அவர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

முதுநிலை வனக்காவலர் எரியா கடேரா நம்மைவிட்டுப் போய் இன்று பதினேழாம் நாள். முப்பத்தொரு ஆண்டுகள் இந்த ஏரியையும் இதன் கரைகளையும் காத்தவர். ஓய்வு பெற இன்னும் பத்து மாதங்கள் இருந்தன. நான் நின்சீமா. பூங்காவின் பதிவேட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். நான்கு ஆண்டுகள் அவருக்கும் எனக்கும் ஒரே மேசை. அவர் பக்கத்தில் தொப்பியும் கோலும் இருக்கும், என் பக்கத்தில் கணினி. நடுவில் ஒரு சண்டை எப்போதும் இருக்கும்.

என்ன சண்டை? நான் எண்ணுவேன். அவர் எண்ண மாட்டார்.

இங்கே இருப்பவர்களில் பாதிப் பேருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மந்தையை யாராவது விரல் நீட்டி எண்ணினால் உங்களுக்கும் கோபம் வரும். மாலையில் மாடுகள் பட்டிக்குள் நுழையும்போது நீங்கள் எண்ணுவதில்லை, பார்க்கிறீர்கள். பார்த்தவுடன் யார் வரவில்லை என்று தெரிந்துவிடுகிறது. கடேரா ஐயா அந்தப் பழக்கத்தைப் பூங்காவுக்குள் கொண்டுவந்தார். மாட்டின் நிறத்துக்கும் புள்ளிக்கும் கொம்பின் வளைவுக்கும் பெயர் வைத்துப் பழகிய கண், வரிக்குதிரையைப் பார்த்தால் சும்மா இருக்குமா? மழைக்காரி, அந்திக் கறுப்பி, பிளந்த மலை, புகைவாலி என்று ஒவ்வொன்றுக்கும் அவரிடம் பெயர் இருந்தது. தாய் யார், தாயின் தாய் யார் என்றும் சொல்வார். மாத முடிவில் தலைநகர் கம்பாலாவுக்கு அனுப்பும் படிவத்தில் ஒரு கட்டம்தான் இருக்கும், எண்ணிக்கை என்று. அவர் பெயர்களைச் சொல்லச் சொல்ல நான் மேசைக்கு அடியில் விரல்மடக்கிக் கொண்டிருப்பேன். ஒருநாள் பிடிபட்டேன்.

"எண்ணாத. எண்ணினா குறையும்" என்றார்.

"எண்ணலைன்னா நம்ம சம்பளம் குறையும், முஸே" என்றேன். பெரியவர் என்ற மரியாதையில் அவரை முஸே என்றுதான் கூப்பிடுவேன்.

"சம்பளத்தை வேணும்னா எண்ணு. அது எப்பவும் குறைஞ்சுதான் இருக்கு."

என்னை அவர் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. வாழைத்தோட்டத்துக்காரி என்பார். எங்கள் ஊரில் மாடு என்றால் வெறும் மாடு, அதற்குப் பெயரும் கிடையாது, பெருமையும் கிடையாது என்பது அவருடைய குற்றச்சாட்டு. மதியத்துக்கு நான் வாழைக்காய் மசியலைத் திறந்தால், தன் பால் சுரைக்குடுவையை இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி வைப்பார். கொஞ்ச நேரம் கழித்து, உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று சொல்லி என் பாத்திரத்தில் பாதியைச் சாப்பிட்டிருப்பார்.

புதிதாக வந்த ஓர் அதிகாரியை அவர் பதறவைத்த கதை உங்களில் பலருக்குத் தெரியும். அந்திக் கறுப்பியின் மகள் நேற்றிலிருந்து வீடு திரும்பவில்லை, இளம் வயது, மேற்குக் கரையில் தேட வேண்டும் என்று வாக்கி-டாக்கியில் சொன்னார். அதிகாரி ஒரு வண்டியையும் ஆறு பேரையும் அனுப்பிவிட்டு, காவல் நிலையத்துக்கும் தகவல் கொடுத்துவிட்டார். அவர்கள் வந்து சேர்ந்தபோது கடேரா ஐயா கோரைப்புல் ஓரமாக நின்று, சேற்றில் சிக்கிய ஒரு வரிக்குதிரைக் குட்டியைக் கயிறு போட்டு இழுத்துக்கொண்டிருந்தார். ஆறு பேரும் வந்தது நல்லதாகப் போயிற்று என்றார். எல்லோருமாகச் சேர்ந்து இழுத்தார்கள். காவலர்களும்தான்.

அவரோடு விடியற்காலையில் கிழக்கு முகட்டில் நின்றவர்கள் பாக்கியசாலிகள். ஏரியின்மேல் பனி வெள்ளையாகப் படிந்திருக்கும். "இன்னும் ஆடை எடுக்கலை" என்பார், பால் பாத்திரத்தைப் பார்ப்பதுபோல. வெயில் ஏறியதும் அந்த ஆடை மெல்ல ஓர் ஓரமாகச் சுருங்கும். நீர்யானைகள் இரவு முழுக்க மேய்ந்த வயிற்றோடு ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் இறங்கும். மீன்கழுகு தலையைப் பின்னுக்குத் தள்ளிக் கத்தும். கள்ளி மரங்களுக்கு இடையிலிருந்து இம்பாலா மான்கள் தயங்கித் தயங்கி வரும். அவற்றுக்குப் பின்னால் வடக்கு மலையிலிருந்து வரிக்குதிரைகள் ஒற்றை வரிசையில் தண்ணீருக்கு இறங்கும். வெயில் நம் முதுகில் இருக்கும், அவற்றின் இடப்பக்கத்தில் விழும். ஒவ்வொரு வரியும் அப்போதுதான் தீட்டியதுபோலத் தெரியும். அழகு என்ற சொல்லை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லாரும் வந்தாச்சு என்பார். அவருடைய மொழியில் அதற்கு அதுதான் பொருள் என்று எனக்குப் புரிய நாளாயிற்று.

பெரியோர்களே, இறந்தவரைப் பற்றி நல்லதை மட்டும் பேசிவிட்டு இறங்குவது எளிது. நான் இன்று அவர் செய்த ஒரு தவறைப் பற்றிப் பேசப் போகிறேன். அவர் மனைவி கெய்ருங்கி அம்மாவிடம் கேட்டேன், பேசு என்றார்கள். அந்தத் தவறால் துன்பப்பட்டவர் இங்கே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். கஷாகா ஐயா. அவரிடமும் நேற்றுப் போய்க் கேட்டேன். "சொல்லிக்கோ. என்னை நல்லவன்னு மட்டும் சொல்லிடாத" என்றார். சொல்ல மாட்டேன், ஐயா.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு வந்த வறட்சி நினைவிருக்கும். மலைக்கும் ஏரிக்கும் நடுவே புதிய பண்ணை வேலிகள் எழுந்த வருடமும் அதுதான். வடக்கே மேய்ந்துகொண்டிருந்த வரிக்குதிரைகள் பழைய தடத்தில் ஏரிக்கு வர முடியாமல் போயின. பூங்காவின் எல்லைக்கு வெளியே இருந்த ஒரே தண்ணீர், கஷாகா ஐயா தன் மாடுகளுக்காக வெட்டிய குட்டை. அதைச் சுற்றி முள் வெட்டிப் போட்டிருந்தார். அவர் மாடுகளே தாகத்தில் விழுந்துகொண்டிருந்த நேரம். யார்தான் போட மாட்டார்கள்?

ஒரு காலையில் அந்த முள்ளில் ரத்தமும், கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பிடி பிடரிமயிரும் இருந்ததைக் கடேரா ஐயா கண்டார். அன்றிலிருந்து ஏணியைக் காணோம். ஏணி என்பது அவருக்கு மிகப் பிடித்த பெண்குதிரை. தோளில் குறுக்குச் சட்டங்கள் ஏறுவதுபோல வரிகள் இருந்ததால் அந்தப் பெயர். பத்து நாள் தேடினார். உடலும் கிடைக்கவில்லை, எலும்பும் கிடைக்கவில்லை. பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. தேவாலய ஆராதனை முடிந்து எல்லோரும் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தபோது, சீருடையோடு போய், கஷாகா ஐயாவின் முன்னால் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்.

"என் ஏணியை என்ன பண்ணின?"

கஷாகா ஐயா சொன்ன பதிலை அங்கே நின்றிருந்தவர்கள் இன்னும் மறக்கவில்லை.

"என் மாடுங்க தினம் சாகுது, எரியா. அதுல ஒண்ணு பேராவது நீ கேட்டியா?"

மாடு வளர்க்கும் ஒருவர் இன்னொருவரிடம் கேட்கக்கூடிய கேள்விகளில் இதைவிடக் கடுமையானது உண்டா? கடேரா ஐயா அங்கிருந்து நேராகக் காவல் நிலையத்துக்குப் போனார். புகாரை எழுதிக் கொடுத்தார். கஷாகா ஐயாவின் மூத்த மகன் அமோஸ் இரண்டு நாள் காவல் நிலையத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தான். எதுவும் நிரூபணமாகவில்லை. ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது. சந்தையில் அந்தக் குடும்பத்தின் நெய்யை வாங்காமல் போனவர்கள் இருந்தார்கள். குட்டையைச் சுற்றிய முள் இரண்டு மடங்கானது.

அதே வாரத்தில் கடேரா ஐயாவுக்கு ஒரு மகிழ்ச்சியும் இருந்தது. மேற்குப் பள்ளத்தாக்கில் புதிதாக ஒரு பெண்குதிரை வந்து சேர்ந்திருந்தது. வயிற்றோரம் வரிகள் இரண்டாகப் பிரிந்து கவட்டைக் கழிபோல இருந்தன. அதற்குக் கவட்டை என்று பெயர் வைத்தார். போனது ஒன்று, வந்தது ஒன்று என்று என்னிடம் சொன்னார். நானும் படிவத்தில் ஒன்றைக் கழித்து ஒன்றைக் கூட்டினேன்.

எட்டு மாதம் கழித்து, உப்புமண் மேட்டில் கட்டியிருந்த தானியங்கி கேமராவின் படங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். ஒரு படத்தில் கவட்டை நக்கிக்கொண்டிருந்தது. அதன் காது நுனி கிழிந்து ஆறியிருந்தது. அடுத்த படத்தில் ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பியிருந்தது. அடுத்ததில் முழுக்கத் திரும்பி நின்றது. அந்தப் பக்கத்துத் தோளில் ஏணி.

உங்களில் யாருக்காவது இன்னும் விளங்கவில்லை என்றால் சொல்கிறேன். வரிக்குதிரையின் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்காது. நீங்கள் மாட்டின் இருபக்கமும் அறிவீர்கள். மந்தையின் நடுவே நிற்கிறீர்கள், பால் கறக்கிறீர்கள், உண்ணி எடுக்கிறீர்கள். வரிக்குதிரையின் நடுவே யார் போய் நிற்க முடியும்? கடேரா ஐயா இருபது ஆண்டுகளாகக் கிழக்கு முகட்டிலேயே நின்றார். அவை தெற்கு நோக்கித் தண்ணீருக்கு நடந்தன. இடப்பக்கம் மட்டுமே பார்த்தார். வறட்சியில் தடம் மாறியது, வலப்பக்கம் தெரிந்தது. முள்ளைப் பிய்த்து நுழைந்து தண்ணீர் குடித்து, காதைக் கிழித்துக்கொண்டு, உயிரோடு மேற்கே போன அதே ஏணிக்கு இன்னொரு பெயர் வைத்தார். ஒரு வரிக்குதிரைக்கு இரண்டு பெயர். நடுவில் ஒரு மனிதனின் பெயர் கெட்டுப் போயிற்று.

அந்தப் படங்களை இரண்டு நாள் நான் யாருக்கும் காட்டவில்லை. அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவு வரவில்லை. அழித்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்றும் நினைத்தேன், அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மூன்றாம் நாள் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். திரும்பக் காட்டச் சொன்னார். திரும்பவும். பிறகு கோலை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

மழை கட்டியிருந்தது. கஷாகா ஐயாவின் பட்டி ஏழு மைல். நாளைக்கு வண்டி வரும், நாளைக்குப் போகலாம் என்றேன்.

"நாளைக்குப் போனா நாளை வரைக்கும் அவன் கள்ளன்" என்றார்.

நடந்தோம். கணினியை ஒரு கோணியில் சுற்றி நான் சுமந்தேன். மூன்று மணிக்குப் பட்டி வாசலை அடைந்தோம். கூப்பிடாமல் உள்ளே போகக் கூடாது. கூப்பிடவில்லை. மழை வந்தது, நின்றது. மாடுகள் திரும்பின. அவற்றின் பின்னால் வந்த கஷாகா ஐயா எங்களைத் தாண்டி உள்ளே போய், ஒவ்வொன்றையும் பார்த்து, புகை போட்டு, அதன் பிறகுதான் வாசலுக்கு வந்தார்.

"என்ன, இன்னொரு குதிரை காணோமா?"

"இல்ல. போனது கிடைச்சிடுச்சு" என்றார் கடேரா ஐயா. "எங்கயும் போகலை. நான்தான் பாக்கலை."

கோணியைப் பிரித்துப் படங்களைக் காட்டினேன். கஷாகா ஐயா ஒரே ஒரு முறை பார்த்தார். மாட்டுக்காரரின் கண்ணுக்கு அது போதும். காதைப் பார்த்தார், நிற்கும் விதத்தைப் பார்த்தார்.

"இது ஒண்ணுதானே. ஒரு பக்கம் பாத்துட்டு பேரு வச்சியா நீ? எங்கப்பன் இருந்திருந்தா உன்கிட்ட கன்னுக்குட்டிகூட மேய்க்கக் குடுத்திருக்க மாட்டான்."

"குடுத்திருக்கக் கூடாது" என்றார் கடேரா ஐயா.

அன்று மன்னிப்பு கிடைத்தது என்று நான் சொன்னால் அது பொய். பால் கொண்டுவந்தார்கள், கடேரா ஐயா வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரை அதற்குத் தனக்கு உரிமை இல்லை என்றார். ஞாயிற்றுக்கிழமை அதே மரத்தடியில், அதே சீருடையில் நின்று, இந்தப் பக்கம் ஏணி, அந்தப் பக்கம் கவட்டை, இரண்டும் ஒன்று, நான் பார்த்தது பாதி, கஷாகா குற்றமற்றவர், அமோஸ் குற்றமற்றவன் என்று சொன்னார். மெதுவாகச் சொல்லவில்லை. குற்றம் சொன்னபோது எவ்வளவு சத்தமோ அவ்வளவு சத்தம். பின்னால் நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். சிரித்து முடியட்டும் என்று நின்று, கேட்காதவர்களுக்காக இன்னொரு முறை சொன்னார்.

சபையோரே, வேட்டைக் கண்ணிகளை அகற்றியவர்கள் உண்டு. துப்பாக்கிக்கு முன் நின்றவர்கள் உண்டு. கடேரா ஐயாவும் அவற்றையெல்லாம் செய்தவர்தான், பதக்கம் வாங்கியவர்தான். ஆனால் தன் கண்ணையே முப்பது ஆண்டுகள் நம்பி வாழ்ந்த ஒருவர், அந்தக் கண் பொய்த்தது என்று ஊர் நடுவே சொன்னாரே, அதற்கு எந்தப் பதக்கம் இருக்கிறது? மறுநாளிலிருந்து அவர் முகட்டை விட்டு இறங்கினார். காலையில் கிழக்கிலிருந்தும் மாலையில் மேற்கிலிருந்தும் பார்த்தார். முழங்கால் வலியோடு பார்த்தார். ஏழு பெயர்களை அடித்தார். ஏழு குதிரைகள் இரண்டிரண்டு பெயரில் வாழ்ந்துகொண்டிருந்தன.

அடுத்த கோடையில் கஷாகா ஐயா ஆள் அனுப்பினார். முள்ளை ஒரு பக்கம் விலக்குகிறேன் என்றார். ஆனால் மாடுகள் முதலில் குடிக்க வேண்டும், குதிரைகள் பிறகு. அதற்கு எரியாவே வந்து நிற்க வேண்டும். "இது பூங்காவுக்கு இல்ல. உனக்கு" என்று சொல்லி அனுப்பினார். இரண்டு கோடைக்காலம் அப்படியே நடந்தது. விடுமுறை நாளிலும் கடேரா ஐயா போய் நின்றார். மாடுகள் குடித்து ஏறும்வரை, கோலை நீட்டி, சீழ்க்கை அடித்து, வரிக்குதிரைகளைச் சரிவில் நிறுத்திவைத்தார். காட்டு விலங்கு யார் சொல்லையும் கேட்காது என்று புத்தகத்தில் படித்தவள் நான். அவை நின்றன. நான் பார்த்தேன்.

இந்தக் கோடையில் அவர் நிற்க வேண்டிய நேரத்தில் மருத்துவமனையில் படுத்திருந்தார். கடைசி நாளில் அவர் உதடு அசைவதைப் பார்த்து, தன் பெயரைத்தான் சொல்கிறாரோ என்று கெய்ருங்கி அம்மா குனிந்திருக்கிறார். மழைக்காரி குட்டி போட்டாச்சா என்று கேட்டாராம். "முப்பது வருஷம் சோறு போட்டவ நான். கேட்டது குதிரையை" என்று என்னிடம் சொல்லிவிட்டுச் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அழுதார்கள்.

மழைக்காரி குட்டி போட்டுவிட்டது, ஐயா. பதினொரு நாள் ஆகிறது.

அடக்கம் முடிந்த மறுநாள் குட்டையின் முள் மூடப்பட்டது. கஷாகா ஐயா மறைக்கவில்லை. வாக்கு எரியாவுக்குக் கொடுத்தது, எரியா போய்விட்டார், வாக்கும் முடிந்தது என்று தலைமைக் காப்பாளரிடம் நேராகவே சொன்னார். அதில் பிழை இல்லை. யாரும் வந்து நிற்காவிட்டால் குதிரைகள் மாடுகளைத் தள்ளிவிட்டுத் தண்ணீரைக் கலக்கும். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் மேயும் குதிரைகளுக்கு அந்தக் குட்டையை விட்டால் அடுத்த தண்ணீர் பெருஞ்சாலைக்கு அப்பால் இருக்கிறது. வரிக்குதிரைகள் இப்போது சாலையைக் கடக்கின்றன. சென்ற வாரம் லாரியில் அடிபட்டு இரண்டு குட்டிகள் இறந்தன. மழைக்காரியின் குட்டி அந்த இரண்டில் இல்லை. நேற்று மாலை வரை இல்லை.

கஷாகா ஐயா, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். இத்தனை பேரைக் கூட்டிவைத்து, செத்தவர் பேரைச் சொல்லி, முள்ளைத் திறக்கச் சொல்லிக் கேட்கப் போகிறாள் என்று நினைக்கிறீர்கள். கேட்கமாட்டேன். உங்கள்மேல் ஊர் நடுவே ஒரு குற்றம் சுமத்தப்பட்டது. ஊர் நடுவே ஒரு சம்மதத்தையும் உங்களிடமிருந்து பறிக்கக் கூடாது. மேடையிலிருப்பவர்களையும் கேட்டுக்கொள்கிறேன், கூட்டம் முடிந்ததும் யாரும் அவரைச் சூழ்ந்துகொள்ளாதீர்கள். அவர் வீட்டுக்குப் போகட்டும். மாடுகள் காத்திருக்கும்.

கடேரா ஐயாவின் பணியைத் தொடர்வோம் என்று இங்கே பேசிய எல்லோரும் உறுதி சொன்னார்கள். நானும் சொல்ல வேண்டும். அவருடைய கண் எனக்கு இல்லை. வாழைத்தோட்டத்துக்காரி நான், சீழ்க்கை அடித்தால் காற்றுத்தான் வருகிறது. ஆனால் நாளைக் காலை ஆறு மணிக்கு, ஐயா, நான் உங்கள் பட்டி வாசலுக்கு வருவேன். பழைய வாக்கைக் கேட்க வரவில்லை, அது அவரோடு போய்விட்டது, போகட்டும். எனக்கென்று ஒரு வாக்கைக் கேட்க வருகிறேன். இந்தக் கோடை முழுவதும் தினமும் நானே வந்து நிற்பேன், உங்கள் கடைசி மாடு குடித்து ஏறும்வரை ஒரு குளம்பும் தண்ணீரைத் தொடாது, தொட்டால் மறுநாள் முள்ளை மூடிக்கொள்ளுங்கள். நான் தரக்கூடியது இவ்வளவுதான். முடியாது என்றும் நீங்கள் சொல்லலாம். சொன்னால், குதிரைகளுக்கு லாரியில் தண்ணீர் அனுப்ப வழி உண்டா என்று கேட்க அங்கிருந்தே தலைமைக் காப்பாளர் வீட்டுக்கு நடப்பேன், உங்கள்மேல் ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன்.

ஒன்றே ஒன்று மட்டும். நீங்கள் எந்தப் பதில் சொன்னாலும், நாளை உங்கள் மாடுகளின் பெயர்களை எனக்குச் சொல்லுங்கள், எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிறேன். எங்கள் பதிவேட்டில் அவை இதுவரை இல்லை.